போர்ட் செய்த டெக்ஸ்ட் எடிட்டரை டெபியனுக்குப் பேக்கேஜ் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் பிறந்த சின்ன எடிட்டர் ஒன்றை யாரோ ஒருவர் லினக்ஸில் ஓடும்படி மாற்றி, அதாவது போர்ட் செய்து, வைத்திருக்கிறார். நீங்கள் அதைக் கம்பைல் செய்து பார்த்தீர்கள், கைக்கு இதமாக இருந்தது. இனி யார் வேண்டுமானாலும் ஆப்ட் என்ற நிறுவும் கருவி மூலம் நிறுவிக்கொள்ளும்படி அதை டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலுக்குள் கொண்டுபோக ஆசை. அந்த வேலையை முதலிலிருந்து கடைசிவரை இங்கே சொல்கிறேன். டெபியனுக்குள் போய்விட்டால் உபுண்டு முதலான வழித்தோன்றல்களுக்கும் அது போய்ச் சேரும் என்பதால் டெபியனையே எடுத்துக்கொள்கிறேன்.

சாதாரண மென்பொருளுக்கு அப்ஸ்ட்ரீம், அதாவது நிரல் வரும் மூல இடம், ஒன்றுதான். போர்ட்டுக்கு இரண்டு. ஒன்று பிறந்த வீடு: மூல எடிட்டரை எழுதியவர்கள். இன்னொன்று புகுந்த வீடு: அதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தவர். வெர்ஷன் எண், லைசன்ஸ், பேட்ச், பிழை அறிக்கை என எதைத் தொட்டாலும் "இந்த வரி எந்த வீட்டிலிருந்து வந்தது?" என்ற கேள்வி வந்து நிற்கும். அதற்கு உடனே பதில் சொல்ல முடிகிறவரே இந்த பேக்கேஜை நன்றாகப் பராமரிக்க முடியும். கீழே வரும் படிகளில் பாதி அந்தப் பதிலைத் தயார் செய்வதற்கானவை.

தொடங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் அது ஏற்கெனவே டெபியனில் இருக்கிறதா என்று பாருங்கள். எம்ஜி, என்விஐ, ஜோ என்று பழைய எடிட்டர்கள் பல அங்கே உண்டு. இல்லை என்றால், பேக்கேஜ் ஆக வேண்டியவற்றைப் பதிந்து வைக்கும் டபிள்யூஎன்பிபி என்ற போலி பேக்கேஜின் பிழைப் பட்டியலைப் பாருங்கள். வேறு யாராவது "நான் பேக்கேஜ் செய்யப்போகிறேன்" என்று ஐடிபி பதிந்திருக்கலாம். யாரும் பதியவில்லையென்றால் நீங்கள் பதியுங்கள். அந்தப் பிழை எண் பிறகு சேஞ்ச்லாகின் முதல் பதிவில் "குளோசஸ்" என்ற சொல்லோடு வரும்.

அடுத்து, போர்ட் எவ்வளவு பழசு என்று அளக்க வேண்டும். ஓப்பன்பிஎஸ்டி இன்றும் சிவிஎஸ் என்ற பழைய பதிப்பு மேலாண்மைக் கருவியைப் பயன்படுத்துவதால் இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. அங்கிருந்து வந்த ஒவ்வொரு சி கோப்பின் தலையிலும் இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே கோப்பின் பெயர், திருத்த எண், தேதி, கமிட் செய்தவரின் பயனர்பெயர் ஆகியவை இருக்கும். போர்ட் செய்தவர் பெரும்பாலும் அந்த வரியை அழிக்க மாட்டார். கிரெப் ஓட்டி அந்த வரிகளை மட்டும் ஒரு பட்டியலாக எடுங்கள். எல்லாத் தேதிகளும் ஒரே காலத்தை ஒட்டியிருந்தால் முழுமையாக ஒத்திசைத்திருக்கிறார் என்று பொருள். சில கோப்புகள் மட்டும் நான்கைந்து ஆண்டு பின்தங்கியிருந்தால், அவை அதற்குப் பிறகு மாறாதவையா, அல்லது இவர் விட்டுவிட்டாரா என்று மூலக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். செய்யாமல் விட்டால், பிறந்த வீட்டில் என்றோ சரிசெய்த பிழையை உங்கள் பெயரில் புதிதாக வெளியிடுவீர்கள்.

அந்தப் பட்டியலை எறிந்துவிடாதீர்கள். டெபியன் அடைவுக்குள் ரீட்மீ.சோர்ஸ் என்ற கோப்பில் போட்டு வைத்தால், பிறகு உங்களுக்கும் உங்களுக்குப் பின் வருபவருக்கும் உதவும்.

லைசன்ஸ்: அவசரப்படக் கூடாத இடம்

டெபியனின் கட்டற்ற மென்பொருள் வரையறை 1997-ல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. புதிய பேக்கேஜைச் சரிபார்ப்பவர்கள் அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோப்பாகப் பார்ப்பார்கள். எடிட்டர்களின் குடும்ப வரலாறு சிக்கலானது. மைக்ரோஈமாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். டேவ் கான்ராய் எழுதிய தொடக்ககாலப் பதிப்புகள் பொதுவுடைமை. அதிலிருந்து 1986-ல் கிளைத்ததுதான் எம்ஜி. 2000-ல் அது ஓப்பன்பிஎஸ்டியின் அடிப்படை அமைப்புக்குள் சேர்ந்தது. அதே மைக்ரோஈமாக்ஸின் பிற்காலப் பதிப்புகளோ வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதி தருகின்றன. எந்தத் துறையினரையும் ஒதுக்கக் கூடாது என்று வரையறையின் ஆறாவது விதி சொல்கிறது. அதனால் அவை டெபியனின் முதன்மைப் பிரிவுக்குள் வர முடியாது. ஒரே குடும்பத்தில் ஒரு கிளைக்கு வாசல் திறந்திருக்கிறது, இன்னொரு கிளைக்கு மூடியிருக்கிறது. உங்கள் எடிட்டர் எந்தக் கிளை என்று ஊகிக்காமல், கோப்புத் தலைப்புகளைப் படித்தே முடிவு செய்யுங்கள்.

லைசன்ஸ்செக் என்ற கருவி முதல் வடிகட்டலுக்கு உதவும். அதன் முடிவை அப்படியே காப்பிரைட் கோப்பில் ஒட்டாதீர்கள். அது தவறவிடும் இடங்கள் இவை.

பழைய பிஎஸ்டி நான்கு பிரிவு லைசன்ஸ். விளம்பரங்களில் எங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற மூன்றாவது பிரிவை கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1999 ஜூலை 22-ல் விலக்கிக்கொண்டது. ஆனால் அது அந்தப் பல்கலைக்கழகம் உரிமை வைத்திருக்கும் கோப்புகளுக்கு மட்டும். அதே வாசகத்தைப் படியெடுத்துத் தங்கள் பெயரில் போட்ட மற்றவர்களின் கோப்புகளில் அந்தப் பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த லைசன்ஸ் கட்டற்றதுதான். ஆனால் ஜிபிஎல் நூலகத்தோடு சேர்த்து இணைத்தால் முரண்படும். போர்ட் செய்தவர் வசதிக்காக ரீட்லைன் என்ற ஜிபிஎல் நூலகத்தைச் சேர்த்திருந்தால் அங்கேயே நின்று யோசியுங்கள்.

பொதுவுடைமை என்று சொல்லும் கோப்புகள். காப்பிரைட் கோப்பில் "பொதுவுடைமை" என்று ஒரு சொல் போட்டால் போதாது. ஆசிரியர் எந்த வாசகத்தால் உரிமையைத் துறந்தாரோ அந்த வாசகத்தை அப்படியே எடுத்துப் போட வேண்டும்.

மூன்றாவதுதான் போர்ட்டுகளில் அதிகம் வரும் சிக்கல். புகுந்த வீட்டார் சேர்த்த கோப்புகளில் லைசன்ஸே இருக்காது. மேக்ஃபைல், கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், காம்பாட் அடைவில் உள்ள நான்கைந்து சி கோப்புகள் எல்லாம் தலைப்பில்லாமல் கிடக்கும். "மூலத்தின் லைசன்ஸ்தானே இதற்கும்" என்று நாமாக முடிவுகட்ட முடியாது. போர்ட் செய்தவருக்கு எழுதிக் கேளுங்கள். பதில் உங்கள் அஞ்சல்பெட்டியில் இருந்தால் போதாது, அவருடைய களஞ்சியத்திலேயே ஒரு கமிட்டாக வர வேண்டும் என்று பணிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

காப்பிரைட் கோப்பை டெப்-5 என்ற, கருவிகளும் படிக்கத்தக்க வடிவத்தில் எழுதுங்கள். பிறந்த வீட்டுக் கோப்புகள், புகுந்த வீட்டுக் கோப்புகள், உங்கள் டெபியன் அடைவு என்று மூன்று பகுதியாகப் பிரித்தால் படிப்பவருக்குத் தெளிவாக இருக்கும்.

வெர்ஷன் எண்

பிறந்த வீட்டில் இந்த எடிட்டருக்கெனத் தனி வெர்ஷன் எண் இருக்காது. அது முழு இயங்குதளத்தோடு வெளிவரும். அதனால் போர்ட் செய்பவர்கள் தேதியை வெர்ஷனாக வைப்பார்கள், அல்லது எண்ணே வைக்க மாட்டார்கள். இங்கே ஒரு குழி இருக்கிறது. 20240115 என்று டெபியனில் ஏற்றிவிட்டீர்கள். அடுத்த ஆண்டு அவர் மனம் மாறி 1.0 என்று வெளியிடுகிறார். டெபியனின் பேக்கேஜ் நிறுவியான டிபிகேஜியின் கணக்கில் 1.0 சிறியது, யாருக்கும் அப்டேட் போகாது. அதைச் சரிசெய்ய எபோக் என்று முன்னால் 1: சேர்க்க வேண்டும். ஒருமுறை சேர்த்தால் அதை என்றைக்கும் எடுக்க முடியாது.

அதனால் தேதியை 0~20240115-1 என்று எழுதுங்கள். டில்டே (~) குறி எதற்கும் முன்னால் வரிசைப்படும் என்பதால், நாளை 0.1 வந்தாலும் 1.0 வந்தாலும் தடையில்லை. சந்தேகம் இருந்தால் டிபிகேஜியின் கம்பேர்-வெர்ஷன்ஸ் கட்டளையில் இரண்டையும் கொடுத்துப் பாருங்கள்.

போர்ட் செய்தவர் வெளியீடுகளுக்கு டேக் போடாதவர் என்றால், புதிய வெளியீட்டைத் தேட உதவும் வாட்ச் கோப்பில் கிட் முறையைப் பயன்படுத்தலாம். யூஸ்கேன் நேரடியாகக் களஞ்சியத்தைப் பார்த்து டார்பால் உருவாக்கித் தரும்.

கையால் ஒருமுறை கம்பைல் செய்யுங்கள்

டெபியன் அடைவைத் தொடுவதற்கு முன், டெபியன் கொடுக்கும் கம்பைலர் கொடிகளோடு வெறும் மேக் ஓட்டிப் பாருங்கள். போர்ட் செய்தவரின் கணினியில் வந்திராத பிழைகள் இங்கே வரிசையாக வரும். அவை பெரும்பாலும் சில வகைகளுக்குள் அடங்கும்.

பிஎஸ்டி சார்புகள் முதலில். ஓப்பன்பிஎஸ்டி நிரல்கள் ஸ்ட்ர்எல்காப்பி, ஸ்ட்ர்எல்கேட், ரீஅல்லாக்அரே, ஸ்ட்ர்டுநம், எஃப்கெட்எல்என் போன்ற செயற்கூறுகளைத் தாராளமாகப் பயன்படுத்தும். போர்ட் செய்தவர் இவற்றின் பிரதிகளை ஒரு காம்பாட் அடைவில் போட்டு வைத்திருப்பார். அன்று அது சரி. ஆனால் லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி 2017-ல் 2.26 பதிப்பில் ரீஅல்லாக்அரேயையும், 2023-ல் 2.38 பதிப்பில் ஸ்ட்ர்எல்காப்பி, ஸ்ட்ர்எல்கேட் இரண்டையும் தானே சேர்த்துக்கொண்டது. இப்போது காம்பாட் பிரதியும் ஜிலிப்சியின் அறிவிப்பும் மோதும். பிறர் நூலகத்தின் பிரதியைப் பேக்கேஜுக்குள் வைத்திருப்பதை டெபியன் கொள்கையும் விரும்புவதில்லை. காம்பாட் அடைவை ஒதுக்கிவிட்டு, இந்தச் செயற்கூறுகளைத் தரும் லிப்பிஎஸ்டி நூலகத்தோடு இணையுங்கள். அதன் ஓவர்லே முறையைப் பயன்படுத்தினால் மூலக் கோப்புகளில் ஹெடர் பெயர்களைக்கூட மாற்ற வேண்டியதில்லை. பேட்ச் சிறியதாக இருக்கும்.

பிளெட்ஜ் தனியாகச் சொல்ல வேண்டியது. 2016-ல் வெளிவந்த ஓப்பன்பிஎஸ்டி 5.9 முதல் அங்குள்ள நிரல்கள் "எனக்கு இந்த அனுமதிகள் போதும்" என்று பிளெட்ஜ் மூலம் தங்களைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொள்கின்றன. லினக்ஸில் அது இல்லை. போர்ட்டில் அதை ஒன்றும் செய்யாத மேக்ரோவாக மாற்றியிருப்பார்கள். வேறு வழி இல்லை, ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் விவரிப்பிலோ மேன் பக்கத்திலோ அந்தப் பாதுகாப்பு இருப்பதுபோல் ஒரு வரி மிச்சமிருந்தால் நீக்கிவிடுங்கள்.

கம்பைலர் மாற்றங்கள் அடுத்து. பழைய எடிட்டர்களுக்கு ஜிசிசி கம்பைலரின் ஒவ்வொரு பெரிய பதிப்பும் ஒரு சோதனை. 2020-ல் வந்த ஜிசிசி 10 முதல், ஒரே பொதுமாறியை ஹெடரில் எக்ஸ்டர்ன் இல்லாமல் அறிவித்திருந்தால் இணைப்பு முறியும். 2024-ன் ஜிசிசி 14, அறிவிக்காத செயற்கூற்றை அழைத்தால் எச்சரிக்கையோடு விடாமல் பிழை என்றே நிறுத்தும். 2025-ன் ஜிசிசி 15 இயல்பாகவே சி23 தரத்தைக் கொள்கிறது. அதில் வெற்று அடைப்புக்குறி என்றால் "அளபுருக்கள் இல்லை" என்றே பொருள், பூல் என்பதும் மொழியின் சொல்லாகிவிட்டது. எண்பதுகளின் பாணியில் எழுதிய விசை அட்டவணைகள் எல்லாம் அங்கே விழும். ரூல்ஸ் கோப்பில் பழைய தரத்தைக் கேட்கும் கொடியைப் போட்டுத் தப்பிக்கலாம். ஆனால் அறிவிப்புகளைச் சரிசெய்து பேட்சைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவதே எனக்குச் சரி. இரண்டு மணி நேர வேலை, ஒருமுறை செய்தால் முடிந்தது.

ஃபார்மேட் பாதுகாப்பு. டெபியன் கொடிகளில் இது பிழையாகவே வரும். எடிட்டரின் கீழ்வரியில் செய்தி காட்டும் செயற்கூற்றுக்குப் பயனரின் கோப்புப் பெயரை அப்படியே ஃபார்மேட்டாகக் கொடுத்திருப்பார்கள். கோப்புப் பெயரில் சதவீதக் குறி இருந்தால் நிரல் விழும். "சதவீதம் எஸ்" என்ற ஃபார்மேட்டை முன்னால் சேர்த்தால் தீரும்.

திரை நூலகம். டெபியனில் என்கர்சஸ் இரண்டாகப் பிரிந்திருக்கும். முனைய விவரங்களைப் படிக்கும் பகுதி லிப்டின்ஃபோவில் தனியாக உண்டு. பாதி எடிட்டர்களுக்கு அந்தப் பகுதி மட்டுமே போதும். இணைப்பில் பெயர் தெரியாத குறியீடு என்று வந்தால் நூலகப் பெயரைக் கையால் எழுதாமல் பேக்கேஜ்-கான்ஃபிக் கருவியிடம் கேட்டு வாங்குங்கள்.

இனி, நான் நெடுநேரம் தடுமாறிய ஒன்று. நான் பேக்கேஜ் செய்த ஓர் எடிட்டரில் விசை அட்டவணையின் சுட்டெண், ஒரு பைட் எழுத்தைக் குறிக்கும் வெறும் கேர் வகை மாறியாக இருந்தது. தமிழ் 'க' யூடிஎஃப்-8-ல் மூன்று பைட். முதல் பைட்டின் மதிப்பு 224. எக்ஸ்86 கணினிகளில் கேர் வகை குறியுடையது, அதனால் 224 என்பது -32 ஆகிவிடும். அட்டவணையின் தொடக்கத்துக்கு 32 இடம் முன்னால் போய் நினைவகத்தைப் படிக்கிறது! ஆர்ம் கணினிகளில் கேர் குறியற்றது, அங்கே சரியாக 224-க்குப் போகிறது. என் மடிக்கணினியில் 'க' அடித்தால் எடிட்டர் விழும், ஆர்ம் பலகையில் விழாது. ஆங்கிலம் மட்டும் அடித்துப் பார்த்த யாருக்கும் இது தெரிந்திருக்காது. அன்சைன்ட் கேர் என்று மாற்ற ஒரே ஒரு சொல் போதும். அந்தத் திருத்தத்தைப் பிறந்த வீட்டுக்கும் அனுப்பினேன், ஏனெனில் பிழை அங்கேயே இருந்தது.

டெபியன் பல கட்டமைப்புகளுக்கு வெளிவருகிறது. ஆர்ம்64, பிபிசி64இஎல், ரிஸ்க்வி64 ஆகியவற்றோடு எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைக்கும் எஸ்390எக்ஸ் என்ற கட்டமைப்பும் உண்டு. உங்கள் கணினியில் பில்ட் ஆவது வெற்றியில் ஒரு சிறு பங்குதான்.

டெபியன் அடைவு

டிஎச்_மேக் மாதிரிக் கோப்புகளைக் கொட்டும். தேவையற்றதை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். எடிட்டருக்கு உண்மையில் வேண்டியவை கண்ட்ரோல், ரூல்ஸ், சேஞ்ச்லாக், காப்பிரைட், வாட்ச், சோர்ஸ்/ஃபார்மேட், பிறகு ஆல்டர்நேட்டிவ்ஸ், டெஸ்ட்ஸ்.

கண்ட்ரோலில் பிரிவு எடிட்டர்ஸ், முன்னுரிமை ஆப்ஷனல், டெப்ஹெல்ப்பர்-காம்பாட் 13, ரூட் அனுமதி தேவையில்லை என்ற புலம். கவனம் வேண்டியது விவரிப்பில்தான். முதல் வரி 80 எழுத்துக்குள், "ஒரு சிறந்த" போன்ற புகழ்ச்சி இல்லாமல். நீண்ட விவரிப்பில் இது எதன் போர்ட், மூலத்திலிருந்து எதில் வேறுபடுகிறது, யூடிஎஃப்-8 ஆதரவு உண்டா இல்லையா என்று நேராகச் சொல்லுங்கள். யூடிஎஃப்-8 இல்லாததை மறைத்தால், நம்பி நிறுவிய ஒருவர் தன் தாய்மொழிக் கோப்பைத் திறக்கும்போதுதான் அதைக் கண்டுபிடிப்பார். அந்தக் குறையைச் சொல்ல ஒரு வரி போதும்.

ரூல்ஸ் கோப்பு டிஎச் வரியோடு முடிய வேண்டும் என்பது இலக்கு. போர்ட்டுகளில் மேக்ஃபைல்தான் அதற்குத் தடையாக இருக்கும். அது பிஎஸ்டி மேக்குக்கு எழுதியதாக இருந்தால் டெபியனில் பிமேக் கிடைக்கும். குனு மேக்குக்கு எழுதியதாக இருந்தால் வழக்கமான குறைகளைத் தேடுங்கள்: கம்பைலர் கொடிகளை வெளியிலிருந்து ஏற்காமல் தானே நிர்ணயிப்பது, நிறுவும் இடத்தை மாற்றச் சொல்லும் டெஸ்ட்டிர் மாறியை மதிக்காதது, மேன் பக்கத்தை யூஎஸ்ஆர்/லோக்கல் கீழே போடுவது, நிறுவும்போதே பைனரியை ஸ்ட்ரிப் செய்து பிழை தேடும் தகவல்களை நீக்கிவிடுவது. கடைசியானது சின்ன விஷயம்போல் தெரியும். ஆனால் அப்படிச் செய்தால் பிழை தேடுவதற்கான டீபக் பேக்கேஜ் வெறுமையாகப் போகும்.

வெர்ஷன் காட்டும் இடத்தில் கம்பைல் ஆன தேதியைச் சேர்க்கும் பழக்கம் எடிட்டர்களிடம் அதிகம். அதனால் இரண்டு முறை பில்ட் செய்தால் இரண்டு வேறு பைனரி வரும். மறுஆக்கம் செய்யத்தக்க பில்டுக்கு அது தடை. அந்த மேக்ரோவை எடுத்துவிட்டு வெர்ஷன் எண்ணை மட்டும் காட்டச் செய்யுங்கள்.

பேட்ச்களை வரிசையாக அடுக்கும் க்வில்ட் முறையில், அவற்றின் மூலத்தைச் சொல்லும் டெப்-3 தலைப்போடு வையுங்கள். பெயரிலேயே எந்த வீட்டுக்குரியது என்று காட்டும்படி நான் வைப்பேன். "மூலம்-", "போர்ட்-", "டெபியன்-" என்று மூன்று முன்னொட்டு. ஃபார்வர்டட் புலத்தில் முதல் இரண்டு வகைக்கும் எங்கே அனுப்பினீர்கள் என்ற முகவரி, மூன்றாவதற்குத் தேவையில்லை என்ற குறிப்பு. அனுப்பாத பேட்ச் ஒவ்வொன்றும் அடுத்த வெளியீட்டில் உங்கள் நேரத்தைத் தின்னும்.

எடிட்டர் என்பதால் வரும் கடமை: ஆல்டர்நேட்டிவ்ஸ்

டெபியன் கொள்கையின் 11.4 பகுதி இதற்கென்றே இருக்கிறது. எடிட்டர் தரும் ஒவ்வொரு பேக்கேஜும் /யூஎஸ்ஆர்/பின்/எடிட்டர் என்ற பொது இணைப்புக்குத் தன்னை ஒரு மாற்றாகப் பதிந்துகொள்ள வேண்டும். அதற்குத் துணையாக எடிட்டர்.1 மேன் பக்கமும் சேர்ந்து மாற வேண்டும். டெப்ஹெல்ப்பர் 13-ல் டிஎச்_இன்ஸ்டால்ஆல்டர்நேட்டிவ்ஸ் இதைப் பார்த்துக்கொள்ளும். பேக்கேஜ் பெயரோடு ஆல்டர்நேட்டிவ்ஸ் என்ற கோப்பில் பெயர், இணைப்பு, உங்கள் பைனரியின் பாதை, சார்ந்த மேன் பக்கம், முன்னுரிமை எண் ஆகியவற்றை எழுதினால் போதும். நிறுவும்போது பதிவதையும் நீக்கும்போது கழற்றுவதையும் அதுவே ஸ்கிரிப்டாக எழுதிக்கொள்ளும்.

முன்னுரிமை எண்ணில்தான் உங்கள் நாகரிகம் தெரியும். நானோ 40, வழக்கமான விம் 30, விம்-டைனி 15, ஈடி கழித்தல் 100. நீங்கள் 50 கொடுத்தால் என்ன ஆகும்? ஒருவர் உங்கள் எடிட்டரைச் சும்மா பார்க்கலாம் என்று நிறுவுகிறார். மறுநாள் கிட் கமிட் செய்யும்போது, கிரான்டேப் திருத்தும்போது, எப்படி வெளியேறுவது என்றே தெரியாத ஒரு திரை வந்து நிற்கிறது. 15-க்கும் கீழே ஓர் எண் கொடுங்கள். விரும்புகிறவர் தானே மாற்றிக்கொள்வார்.

விஐ குடும்பத்து போர்ட் என்றால் இன்னொன்று. மேக்ஃபைல் விஐ, ஈஎக்ஸ், வியூ என்ற பெயர்களை நேரடியாக நிறுவப் பார்க்கும். மற்ற பேக்கேஜ்களோடு மோதும். பைனரிக்குத் தனிப்பெயர் கொடுத்து, அந்த மூன்று பெயர்களையும் ஆல்டர்நேட்டிவ்ஸ் வழியாகவே தாருங்கள்.

சோதனை: சேமிக்கிறதா என்று பாருங்கள்

எடிட்டர் திறக்கிறது, எழுத்து வருகிறது, மூடுகிறது. இதைப் பார்த்துவிட்டுச் சோதித்தாயிற்று என்று நினைக்கக் கூடாது. எடிட்டரின் கையில் பிறர் உழைப்பு இருக்கிறது. பேக்கேஜ் செய்பவர் கட்டாயம் சோதிக்க வேண்டியது சேமிப்பைத்தான், அதுவும் ஏதோ ஒன்று தவறும்போது சேமிப்பதை.

64 கிலோபைட் அளவில், நினைவகத்தில் இயங்கும் கோப்பு முறையான டெம்ப்எஃப்எஸ் ஒன்றை மவுண்ட் செய்து, அதில் ஒரு கோப்பைத் திறந்து, இடம் போதாத அளவுக்குப் பெரிதாக்கிச் சேமியுங்கள். எடிட்டர் பிழை சொல்ல வேண்டும், பழைய கோப்பும் அப்படியே இருக்க வேண்டும். நான் பேக்கேஜ் செய்த போர்ட் ஒன்று "எழுதியாயிற்று" என்று காட்டியது. போய்ப் பார்த்தால் கோப்பு 0 பைட். மூலத்தில் எஃப்குளோஸின் விடையைச் சரிபார்த்திருந்தார்கள். போர்ட்டில் அந்தச் செயற்கூற்றை மாற்றி எழுதும்போது அந்தச் சரிபார்ப்பு விடுபட்டுவிட்டது. பிறந்த வீட்டுக் கோப்போடு வரிவரியாக ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. தலைப்பு வரிப் பட்டியல் கையில் இருந்ததால் எந்தத் திருத்த எண்ணோடு ஒப்பிட வேண்டும் என்று தேட வேண்டியிருக்கவில்லை.

இன்னும் சில: சிம்லிங்க் வழியாகத் திறந்து சேமித்தால் லிங்க் லிங்காகவே இருக்கிறதா, 600 அனுமதியுள்ள கோப்பு சேமித்தபின் 644 ஆகிவிடுகிறதா, பேக்கப் கோப்புக்கும் அதே அனுமதி இருக்கிறதா. கடவுச்சொல் உள்ள கோப்பின் பேக்கப்பை எல்லோரும் படிக்க முடிந்தால் அது பாதுகாப்புப் பிழை.

பிறகு தமிழ். 'கி' என்று மட்டும் உள்ள கோப்பைத் திறங்கள். பைட்டுக்கு ஓர் எழுத்து என்று எண்ணும் எடிட்டர் அதை \340\256\225\340\256\277 என்று காட்டும். ஓர் உயிர்மெய் எழுத்து, இரண்டு குறியீட்டுப் புள்ளி, ஆறு பைட். காட்டுவது அசிங்கமாக இருக்கலாம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வேறொரு வரியைத் திருத்திச் சேமித்தபின் இந்த ஆறு பைட்டும் பிசகாமல் இருக்க வேண்டும். சிஎம்பி ஓட்டி உறுதிசெய்யுங்கள்.

இவற்றைக் கையால் ஒருமுறை செய்துவிட்டு விடாமல், டெபியனின் தானியங்கிச் சோதனையான ஆட்டோபிகேஜிடெஸ்டாக எழுதுங்கள். சோதனைச் சூழலில் முனையம் இருக்காது, அதனால் மெய்நிகர் முனையம் தரும் டிமக்ஸைச் சார்பாகச் சேருங்கள். டிமக்ஸில் பின்னணி அமர்வு ஒன்றைத் தொடங்கி அதில் எடிட்டரை ஓட்டி, செண்ட்-கீஸ் மூலம் எழுத்துகளை அனுப்பி, சேமிக்கும் விசைகளைக் கொடுத்து (ஈமாக்ஸ் வகை எடிட்டரில் கன்ட்ரோல்-எக்ஸ் கன்ட்ரோல்-எஸ்), கோப்பின் உள்ளடக்கத்தை ஒப்பிடுங்கள். மொழிச் சூழலை சி.யூடிஎஃப்-8 என்று வைக்க மறக்காதீர்கள். ஸ்லீப் 1 என்று எழுதிவிட்டு நம்பி இருக்காதீர்கள். மெதுவான கணினிகளில் ஒரு நொடி போதாது. கோப்பு தோன்றும்வரை 30 நொடி வரை திரும்பத் திரும்பப் பார்க்கும் சுற்று ஒன்று எழுதுங்கள்.

சுத்தமான பில்ட், பிறகு ஏற்றம்

தனிச் சூழலில் பில்ட் செய்யும் கருவியான எஸ்பில்டை அன்ஷேர் முறையில், டெபியனின் வளர்ச்சிப் பிரிவான அன்ஸ்டேபிள் சூழலில் ஓட்டுங்கள். உங்கள் கணினியில் தற்செயலாக நிறுவியிருந்த ஏதோ ஒரு நூலகம் பில்ட் சார்பில் விடுபட்டிருந்தால் இங்கே வெளிப்படும். பேக்கேஜில் குறை தேடும் லிண்டியன் சொல்வதைப் படியுங்கள். வாயடைக்க ஓவர்ரைடு எழுதும் முன் ஏன் என்று ஒரு வரி எழுத முடிகிறதா பாருங்கள். மேன் பக்கம் பிஎஸ்டியின் எம்டாக் மேக்ரோக்களில் இருக்கும், க்ரோஃப் அதைப் புரிந்துகொள்ளும், மாற்றி எழுத வேண்டாம். நிறுவி நீக்கினால் மிச்சம் எதுவும் கிடக்கவில்லை என்பதைப் பையூபார்ட்ஸ் காட்டும். ஆல்டர்நேட்டிவ்ஸில் தவறு இருந்தால் அங்கே மாட்டும்.

ஏற்றும் உரிமை உங்களுக்கு இல்லையென்றால் டெபியன் டெவலப்பர் ஒருவர் ஸ்பான்சராக வேண்டும். அவர் பார்ப்பதற்குக் கிட் களஞ்சியத்தை டெபியனின் கிட் தளமான சல்சாவில் வைத்து, சோதனைப் பைப்லைன் பச்சையாக இருக்கும்படி வையுங்கள். புதிய பேக்கேஜ் என்பதால் முதல் ஏற்றம், புதியவற்றைச் சரிபார்க்கும் நியூ வரிசைக்குப் போகும். அங்கே காப்பிரைட் கோப்பைத்தான் முதலில் புரட்டுவார்கள். முதல் ஏற்றத்தில் பைனரியும் சேர்ந்து போக வேண்டும். ஆனால் நீங்கள் பில்ட் செய்த பைனரி, அடுத்த நிலையான வெளியீடாகத் தயாராகும் டெஸ்டிங் பிரிவுக்கு நகராது. அதனால் ஏற்றுக்கொள்ளப்பட்ட பின் சோர்ஸ் மட்டும் கொண்ட இரண்டாவது ஏற்றம் ஒன்று செய்ய வேண்டும். புதிதாக வருபவர்கள் இதை மறந்துவிட்டு, பேக்கேஜ் ஏன் நகரவில்லை என்று வாரக்கணக்கில் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நடுத்தர அவசரம் என்றால் வழக்கமான காத்திருப்பு ஐந்து நாள்.

உள்ளே வந்த பிறகு

பிழை அறிக்கை வந்தால் முதலில் அதைப் பிரித்துப் பாருங்கள். முடிந்தால் ஓப்பன்பிஎஸ்டியை மெய்நிகர் கணினியில் வைத்துக்கொண்டு மூலத்திலும் அது நிகழ்கிறதா என்று சோதியுங்கள். அங்கேயும் நிகழ்ந்தால் பிறந்த வீட்டுக்கு, இல்லையென்றால் போர்ட் செய்தவருக்கு, இரண்டும் இல்லையென்றால் உங்கள் பேட்ச்தான் காரணம். அறிக்கை தந்தவரிடம் "அங்கே போய்ச் சொல்லுங்கள்" என்று அனுப்பாமல் நீங்களே கொண்டுபோய்ச் சேருங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தலைப்பு வரிப் பட்டியலைத் திறந்து, மூலக் களஞ்சியத்தில் புதிதாக வந்த கமிட்களோடு ஒப்பிடுங்கள். போர்ட் செய்தவர் ஓராண்டாக அசையவில்லை என்றால், சேமிப்பு, நினைவகம் தொடர்பான திருத்தங்களை மட்டும் தேர்ந்தெடுத்து "மூலம்-" முன்னொட்டோடு பேட்சாகச் சேருங்கள். புதிய வசதிகளைத் தொட வேண்டாம். சேர்த்த பேட்ச் ஒவ்வொன்றுக்கும் பட்டியலில் அந்தக் கோப்பின் எதிரே புதிய திருத்த எண்ணைக் குறித்துவிட்டு, அதே பேட்சைப் போர்ட் செய்தவருக்கும் அனுப்பி வையுங்கள்.